நூறு பிரதிகளின் வரலாறு: வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இறுவட்டுப் படியெடுப்பும் உறை அச்சும்

இலங்கைத் தமிழரின் இசை, நாடக வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் வானொலி நிலையத்தையும் இசைத்தட்டுக் கம்பனிகளையும் சுற்றியே எழுதினர். அது ஒரு பாதிதான். 1990களின் பிற்பகுதி தொடங்கி ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள், கொழும்புத் தமிழர் தம் வாழ்வைத் தாமே பதிவுசெய்தபோது அப்பதிவுகளைப் பிரதியெடுத்துப் பரப்பியவை வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருந்த சிறு கடைகள். வீடியோ ஸ்ரூடியோக்கள், போட்டோக்கொப்பிக் கடைகள், அச்சகங்களின் முன்பகுதிகள் ஆகியவற்றில் இத்தொழில் நடந்தது. கோயில் பாமாலை, அரங்கேற்றம், திருமணம், சாமத்தியச் சடங்கு, முப்பத்தோராம் நாள் நினைவு, உயர்தர வகுப்புப் பாடம் எதுவானாலும் ஐம்பது, நூறு, முந்நூறு என்று அங்கே இறுவட்டு அடித்துக் கொடுத்தார்கள். இத்தொழில் எப்படி உருவானது, அது விட்டுச்சென்றவற்றின் இன்றைய நிலை என்ன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. தட்டைப் படியெடுத்ததைப் போலவே அதன் உறையை அச்சிட்டதும் வரலாற்றுக்கு இன்றியமையாதது என்பது இதன் வாதம்.

கிராமபோன் காலத்தில் கொழும்பில் இருந்த ஒருவர் தம் பாட்டை நூறு பிரதி எடுக்க வழியில்லை. கிராமபோன் கம்பனியின் தொழிற்சாலை 1908இல் கல்கத்தாவின் சியால்தாவில் தொடங்கி, 1928இல் டம் டம்முக்கு மாறியது. தென்னாசியச் சந்தைக்கான அக்கம்பனியின் தட்டுகள் அங்கே அழுத்தப்பட்டன. எதைப் பதிவதென்பது கம்பனியின் முடிவு. பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய கசற் இந்தப் பிடியை உடைத்தது. வட இந்தியாவில் கசற் என்ன செய்தது என்பதைப் பீற்றர் மனுவல் 1993இல் வெளியான தம் நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். இலங்கையில் அது பரவலாக வந்துசேரச் சற்றுத் தாமதமானது. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தமையே காரணம். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் கசற் கருவிகள் வீடுகளுக்குள் வந்தன. 1979இல் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982இல் ரூபவாஹினியும் ஒளிபரப்பைத் தொடங்கின. தொலைக்காட்சிப் பெட்டி வந்த வீட்டுக்கு வீடியோ டெக்கும் வந்தது. அதற்குப் படம் வாடகைக்குக் கொடுக்கத் தெருவுக்குத் தெரு கடைகள் முளைத்தன. பிற்காலத்து இறுவட்டுத் தொழிலின் வேர் அக்கடைகளில் இருக்கிறது.

1983 யூலையில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்டன. அதன்பின் ஒரே குடும்பத்தின் பிள்ளைகள் ரொறன்ரோ, இலண்டன், பாரிஸ் என்று பிரிந்தார்கள். கொழும்பில் நடந்த கலியாணத்துக்கு வரமுடியாத அண்ணனும் அக்காவும் அதைப் பார்ப்பதற்கு ஒளிநாடா ஒன்றே வழியாயிற்று. இங்கே ஒரு தொழில்நுட்பச் சிக்கல் எழுந்தது. இலங்கையும் பிரித்தானியாவும் பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையைப் பின்பற்றின. கனடாவில் என்ரிஎஸ்சி, பிரான்சில் செக்காம். கொழும்பில் பதிந்த நாடா ரொறன்ரோவின் சாதாரண டெக்கில் ஓடாது. ஆகவே, மாற்றித் தரும் கருவி வைத்திருந்தவரிடம் கொடுத்து, நாட்டுக்கொரு பிரதி எடுக்கவேண்டியிருந்தது. ‘கனடாவுக்கு ஒன்று, லண்டனுக்கு இரண்டு’ என்று கணக்குச் சொல்லிக் கட்டளை கொடுக்கும் வழக்கம் இந்த நாடாக் காலத்திலேயே நிலைபெற்றுவிட்டது. இறுவட்டு வந்தபோது வாடிக்கையாளரும் தயார், கடையும் தயார்.

தட்டின் தொழில்நுட்பத்தைச் சற்று நின்று பார்க்கவேண்டும், ஏனெனில் இத்தொழிலின் அளவையே அது தீர்மானித்தது. 1982இல் சோனியும் பிலிப்ஸும் சந்தைக்குக் கொண்டுவந்த இறுவட்டு தொழிற்சாலையில் மட்டுமே செய்யக்கூடியது. கண்ணாடி மூலத்தட்டிலிருந்து உலோக அச்சு எடுத்து, உருகிய பொலிகாபனேற்றை அதில் அழுத்தி, அலுமினியம் பூசி, மேலே அரக்குப் பூசுவார்கள். மூல அச்சுக்கான செலவு பெரிது என்பதால் ஆயிரக்கணக்கில் எடுத்தாலே கட்டுப்படியாகும். யப்பானின் தாயோ யூடன் 1988இல் உருவாக்கிய பதிவுத்தட்டு வேறு வகையானது. அதில் சாயப் படலம் ஒன்று இருக்கும், லேசர் கதிர் அதன்மேல் எழுதும். முதற் பிரதிக்கும் நூறாவது பிரதிக்கும் ஒரே செலவு. கோயில் நிருவாக சபைக்கோ நடன ஆசிரியைக்கோ ஆயிரம் பிரதி தேவையில்லை, நூறு போதும். 1990களின் இறுதியில் எழுதும் கருவியினதும் வெற்றுத்தட்டினதும் விலை வீழ்ந்ததும் வெள்ளவத்தைக் கடைகளுக்கு இந்த நூறு பிரதிகளே வாழ்வாதாரமாயின.

படத்துக்கு முதலில் விசிடி வந்தது. ஒரு தட்டில் எழுபத்துநான்கு நிமிடம் பிடிக்கும். மூன்று மணிநேர நாடாவில் பதிந்த கலியாணத்துக்கு மூன்று தட்டு வேண்டும், தாலிகட்டு இரண்டாவதில் வரும். 1996இல் யப்பானில் அறிமுகமான டிவிடி 4.7 கிகாபைட் கொள்ளளவோடு பின்னர் இங்கு மலிவானபோது எல்லாம் ஒரே தட்டுக்குள் அடங்கியது. முழுவேகத்தில் எழுதினால் ஒரு டிவிடிக்கு ஆறேழு நிமிடம் போதும். ஒரே நேரத்தில் ஏழு, பத்துத் தட்டுகளை எழுதும் கோபுரக் கருவி இருந்தால் காலையில் வந்த கட்டளையை மாலையில் கொடுத்துவிடலாம்.

உறைதான் நாளெடுத்தது. வாடிக்கையாளர் கையெழுத்தில் ஒரு தாள் கொண்டுவருவார். பாடல் வரிசை, பாடியவர், இசையமைத்தவர், அனுசரணையாளர், நன்றிக்குரியோர் எல்லாம் அதில் இருக்கும். அதைப் பாமினி எழுத்துருவில் அச்சுக்கோத்து, எழுத்துப்பிழை பார்க்கக் கொடுப்பார்கள். இறுவட்டுப் பெட்டிக்கு முன்னட்டை 12 சென்ரிமீற்றர் சதுரம். டிவிடி உறை 27.3க்கு 18.3 சென்ரிமீற்றர். கொட்டாஞ்சேனைக்கு இதில் ஓர் அனுகூலம் இருந்தது. செட்டியார் தெருவும் டாம் வீதியும் பக்கத்தில், தமிழ் அச்சுத்தொழில் நீண்டகாலம் வேரூன்றிய இடங்கள். வெள்ளவத்தையில் காலி வீதியின் ஸ்ரூடியோக்களும் திருமண அழைப்பிதழ் அச்சிடுவோரும் அதே வேலையைச் செய்தனர். தட்டின் முகத்துக்கு இரண்டு வழிகள். வெண்பூச்சுள்ள தட்டில் மைத்தாரை அச்சுப்பொறியால் நேரே அச்சிடலாம், அல்லது வட்ட ஸ்ரிக்கர் ஒட்டலாம். மலிவு என்பதால் ஸ்ரிக்கரே பலரின் தெரிவாயிற்று. அதன் விலை பின்னால் தெரியவந்தது.

இரு ஊர்களின் கட்டளைகளும் ஒரே மாதிரியானவையல்ல. வெள்ளவத்தையில் யாழ்ப்பாண மத்தியதர வர்க்கத்தின் சாயல் தூக்கலாக இருந்தது. அரங்கேற்றங்கள், வாய்ப்பாட்டு, பண்ணிசை, கவிதை வாசிப்பு ஆகியவையே அதிகம். 57ஆவது ஒழுங்கையில் உள்ள கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் சங்கரப்பிள்ளை மண்டபத்திலும் இராமகிருஷ்ண மிஷன் மண்டபத்திலும் வெளியீட்டு விழாக்கள் நடந்தன. நூல் வெளியீட்டின் முறை அப்படியே இறுவட்டுக்கும் வந்தது. தலைமையுரை, நயப்புரை, புரவலருக்கு முதற்பிரதி, பின் வரிசையில் நின்று சிறப்புப் பிரதி பெறுதல். கொட்டாஞ்சேனையில் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலும் ஜிந்துப்பிட்டி முருகன் கோயிலும் சாந்த லூசியாள் பேராலயமும் கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலமும் அருகருகே இருக்கின்றன. சைவப் பக்திப்பாடலும் கத்தோலிக்கக் கீர்த்தனையும் ஒரே கடையின் ஒரே கருவியில் அடிக்கப்பட்ட ஊர் அது. அங்குள்ள லொட்ஜுகளில் விசாவுக்காகக் காத்திருந்தோர் ஊர் நினைவாகத் தட்டுகளைக் கொண்டுபோயினர். 2002இல் வடக்குக்கான ஏ9 பாதை திறந்தபின் வடக்கிலிருந்தும் கட்டளைகள் வரலாயின. 2006 ஓகஸ்ட்டில் பாதை மீண்டும் மூடப்பட்டது.

சட்டம் இத்தொழிலை வேறு கண்ணால் பார்த்தது. 1979ஆம் ஆண்டின் 52ஆம் இலக்கச் சட்டக்கோவைக்குப் பதிலாக 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் வந்தது. பதிப்புரிமை மீறலுக்கு ஐந்து இலட்சம் ரூபாய் வரை தண்டமும் ஆறுமாதம் வரை சிறையும் அதில் உண்டு. தமிழ்நாடு 2004இல் வீடியோ திருட்டைக் குண்டர் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்தது. புதுப்படத்தைத் திருட்டாகப் படியெடுத்து விற்றது உண்மை, அது கலைஞருக்குச் செய்த அநீதி. ஆனால் அதே கருவியில், உரிமையாளரே கொண்டுவந்து கொடுத்த பதிவுகளும் பிரதியாயின. ‘திருட்டு சீடி’ என்ற ஒற்றைப் பெயருக்குள் இரண்டையும் அடைத்ததால் இரண்டாவது வகை ஆய்வாளரின் கவனத்துக்கு வராமலே போயிற்று.

நூலகங்களின் கவனத்துக்கும் அது வரவில்லை. அச்சிடும் நூலின் பிரதிகளை அரசுக்கு ஒப்படைக்கும் கடமை 1885ஆம் ஆண்டின் அச்சாளர், வெளியீட்டாளர் கட்டளைச் சட்டத்திலிருந்து வருவது. அச்சிட்ட தாளை மனத்திற்கொண்டு எழுதிய அச்சட்டம் கொட்டாஞ்சேனையில் அடித்த நூறு தட்டுகளை எட்டவில்லை. முப்பத்தோராம் நாளில் கொடுத்த நினைவு மலரைத் தேடிச் சேர்த்தவர்கள்கூட அதன் பின்னட்டைப் பையில் இருந்த தேவார இறுவட்டைப் பொருட்படுத்தவில்லை.

உறையின் பெறுமதி இங்கேதான் புலப்படுகிறது. சாதாரண ஒலி இறுவட்டில் பாடலின் பெயரோ பாடியவரின் பெயரோ பதியப்படுவதில்லை. கணினியில் போட்டால் ‘ட்ராக் 01’, ‘ட்ராக் 02’ என்றே காட்டும். தரவுத்தட்டிலும் கோப்புப் பெயர்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் சுருக்கி இடப்பட்டவை. யார் பாடினார், எந்த ஆண்டு, மிருதங்கம் யார், எந்தக் கோயில் மீது பாடியது என்பதெல்லாம் தாளில் மட்டும் உண்டு. உறையைத் தொலைத்த தட்டு பெயரற்ற குரலாகிவிடும்.

தட்டும் நெடுநாள் நிற்காது. அமெரிக்காவின் தேசிய நியமங்கள், தொழில்நுட்ப நிறுவனம் 2003இல் வெளியிட்ட கையேடு, தட்டுகளை 4 முதல் 20 பாகை செல்சியசிலும் 20 முதல் 50 சதவீத ஈரப்பதனிலும் வைக்கச் சொல்கிறது. கொழும்பின் ஈரப்பதன் ஆண்டின் பெரும்பகுதியில் அதைவிட மிக அதிகம், வெப்பமும் அப்படியே. சாயப் படலம் மங்கும், ஒளிதெறிக்கும் பூச்சு அரிக்கும். இறுவட்டில் அந்தப் பூச்சு மேல்முகத்தின் அரக்குக்கு நேர் கீழே இருப்பதால் ஸ்ரிக்கரை உரித்தால் பதிவும் சேர்ந்து உரிந்து வரும். அதே கையேடு ஸ்ரிக்கரைத் தவிர்க்கச் சொல்வது இதனாற்றான். டிவிடியில் பதிவுப்படை இரு தகடுகளுக்கு நடுவே உள்ளது, ஆயினும் ஸ்ரிக்கரின் சமனின்மை வாசிப்பைக் குழப்பும். தாயோ யூடன் 2015இல் தட்டு உற்பத்தியை நிறுத்திவிட்டது. பென்ட்ரைவும் யூடியூபும் கட்டளைகளை எடுத்துக்கொண்டன. எஞ்சிய கடைகளுக்கு இன்று வருவது எதிர்த்திசை வேலை: பழைய நாடாவையும் டிவிடியையும் கோப்பாக மாற்றித் தரவேண்டும். புதிய மடிகணினிகளிலோ தட்டுப் போடும் இடமே இல்லை.

2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் எண்ணிமப்படுத்தி வருகிறது, ஒலி, ஒளி ஆவணங்களுக்கும் அங்கு இடமுண்டு. வீட்டு அலுமாரியில் இத்தகைய இறுவட்டு வைத்திருப்போர் இவ்வாண்டிலேயே மூன்று காரியம் செய்யவேண்டும். தட்டு முழுவதையும் கணினியில் பிரதியெடுங்கள். உறையின் இருபக்கத்தையும் தட்டின் முகத்தையும் ஸ்கான் செய்து அதே கோப்புறையில் வையுங்கள், ஸ்ரிக்கரை உரிக்க வேண்டாம். பாடியவரின் அனுமதியோடு ஒரு பிரதியை நூலகம் நிறுவனத்துக்குக் கொடுங்கள். கடை நடத்தியவர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள்: பழைய கணினியைக் கழிக்குமுன் அதில் உள்ள உறை வடிவமைப்புகளையும் பாமினி எழுத்துருவையும் சேர்த்து எடுத்து வையுங்கள்.