வீட்டிற்குள் வந்த பாம்பு



அண்மையில் கனடாவிலிருந்து என் பழைய மாணவர் ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். அவருடைய பத்து வயது மகனுக்குச் சிறிய பாம்பொன்றை வீட்டில் வளர்க்க ஆசையாம். நாயும் வேண்டாம், பூனையும் வேண்டாம், பாம்புதான் வேண்டும் என்று பிடிவாதமாம். கடைகளிலே பல இனங்கள் கிடைக்கின்றன என்றும், எதனைத் தெரிந்தெடுப்பது என்று தமக்கு விளங்கவில்லை என்றும் எழுதிவிட்டு, "நீங்கள் சரித்திரம் படிப்பித்தவர். பாம்பை வீட்டில் வைத்து வளர்த்த மனிதர் முன்னர் எவரேனும் உண்டா?" என்று கேட்டிருந்தார்.

இக்கேள்வியை நகைத்துத் தள்ளிவிட என்னால் இயலவில்லை. அதற்கு என் சொந்த வாழ்விலே ஒரு காரணம் உண்டு. அதை ஈற்றிலே கூறுகின்றேன். முதலிற் சரித்திரத்தைப் பார்ப்போம்.

கிறிஸ்துவுக்கு முன் 293ஆம் ஆண்டளவில் உரோமாபுரியைக் கொள்ளைநோய் வாட்டியது. கிரேக்க நாட்டின் எப்பிடோரஸ் என்னும் ஊரில் மருத்துவத் தெய்வமாகிய எஸ்குலேப்பியசுக்குப் பெருங்கோயில் இருந்தது. உரோமர் அங்கே தூதர்களை அனுப்பினர். அத்தெய்வத்தின் பாம்பு தானாகவே கப்பலேறி வந்து, தைபர் ஆற்றின் நடுவே உள்ள தீவில் இறங்கியது என்பது அவர்களுடைய ஐதிகம். அத்தீவிலே கி.மு. 291இல் கோயிலும் எழுந்தது. ஐதிகம் எவ்வாறாயினும், கி.பி. 79இல் இறந்த பிளினி என்னும் அறிஞர் எழுதிவைத்த செய்தி கவனத்துக்குரியது. இந்தப் பாம்புகள் உரோமாபுரியின் வீடுகளிலும் சாதாரணமாக வளர்க்கப்பட்டன என்றும், அடிக்கடி மூளும் தீயினால் அவற்றின் முட்டைகள் அழியாவிடின் அவற்றின் பெருக்கத்தைத் தாங்க முடியாது என்றும் அவர் கூறுகின்றார். பொம்பேயி நகரத்து வீடுகளின் பூசையிடங்களிலே இன்றும் பாம்போவியங்களைக் காணலாம். தைபீரியஸ் சக்கரவர்த்தி தம் கையாலேயே ஒரு பாம்புக்கு உணவூட்டி வந்தார் எனவும், அதை எறும்புகள் மொய்த்துத் தின்றதைக் கண்டு, பலர் கூடினால் வலியவனும் வீழ்வான் என்னும் எச்சரிக்கையாக அதனைக் கொண்டார் எனவும் சுவற்றோனியஸ் எழுதியுள்ளார்.

எஸ்குலேப்பியசின் பெயரை இன்றும் தாங்கி நிற்கும் பாம்பு நஞ்சற்றது. எலிகளைச் சுற்றி இறுக்கிக் கொன்று உண்பது. தானியம் உள்ள இடத்தில் எலி உண்டு. எலி உள்ள இடத்தில் பாம்பு உண்டு. மனிதன் பாம்பைத் தேடிப் போகவில்லை. பாம்புதான் அவனுடைய வீட்டைத் தேடி வந்தது. வந்தவற்றுள் தீங்கற்றதை அவன் இருக்க விட்டான்.

இனி வடக்கே செல்வோம். பால்டிக் கடலோரத்து லித்துவேனிய மக்களிடையே, வீட்டிலே குடியிருக்கும் பாம்பு குடும்பத்துக்குச் சுபீட்சம் தரும் என்ற நம்பிக்கை நெடுங்காலம் நிலவியது. கழுத்திலே மஞ்சள் அடையாளம் கொண்ட நஞ்சற்ற புற்பாம்பே அது. மக்கிய வைக்கோலிலும் எருக்குவியலிலும் உள்ள வெப்பத்தை நாடி முட்டையிட வருவது அதன் இயல்பு. ஆகவே தொழுவத்தின் அயலில் அது காணப்பட்டதில் வியப்பில்லை. மக்கள் அதற்குப் பால் வைத்தார்கள். நம்மவரும் புற்றுக்குப் பால் வார்ப்பவர்களே. உண்மையில் பாம்பின் உணவு பால் அன்று. தாகம் மிகுந்தபோது எந்த நீர்மத்தையும் அது குடிக்கும், அவ்வளவே. புற்பாம்பின் உணவு பெரும்பாலும் தவளை.

அந்நாட்டு வழியாகச் சென்ற ஹெர்பர்ஸ்டைன் என்னும் தூதுவர் 1549இல் வெளியிட்ட நூலிலே ஒரு நிகழ்ச்சியைச் சொல்கின்றார். வீட்டுப் பாம்பை வணங்கிவந்த ஒருவனிடம் தேன்கூடுகளை வாங்கிய ஒரு கிறிஸ்தவர், அவனை மதம் மாற்றி, அந்தப் பாம்பையும் கொல்லச் செய்தாராம். சில காலத்தின் பின் தேன்கூடுகளைப் பார்க்கச் சென்றபோது அம்மனிதன் வாய் கோணி முகம் சிதைந்து கிடந்தானாம். காரணம் கேட்டபோது, என் தெய்வத்தைக் கொன்ற குற்றத்துக்கு இதுவே தண்டனை என்றானாம். பாம்பு சாபமிட்டது என்று நான் நம்பவில்லை. ஆனால் தன் கூரையின் கீழ் நம்பி வாழ்ந்த உயிரைப் பிறர் சொற்கேட்டுக் கொன்றவனுடைய மனம் என்ன பாடு பட்டிருக்கும் என்பது எனக்கு விளங்குகின்றது.

மூன்றாவது இடம் மேற்கு ஆபிரிக்கா. இன்று பெனின் என வழங்கும் நாட்டிலே வீடா என்னும் கடற்கரைப் பட்டினம் உண்டு. அடிமை வியாபாரத்தால் இழிபுகழ் பெற்ற துறைமுகம் அது. அவ்வூரார் போற்றிய பாம்பு ஒரு மலைப்பாம்பு. மலைப்பாம்பு என்றவுடன் ஆட்டை விழுங்கும் உருவத்தை நினைக்க வேண்டாம். இது மூன்று முதல் ஐந்து அடி நீளமே உடையது. சினந்து கடிப்பதிலும், அஞ்சித் தலையை நடுவில் மறைத்துப் பந்துபோற் சுருண்டுகொள்வதே இதன் வழக்கம். ஆகவே ஆங்கிலத்தில் இதனைப் பந்துப் பாம்பு என்கின்றனர். வீடாவில் இது தடையின்றி வீடுகளிற் புகும், எலிகளைப் பிடிக்கும், எவரும் துன்புறுத்தார்.

இதனை அறியாத அந்நியர் பெருவிலை கொடுத்தனர். ஒல்லாந்த வணிகராகிய பொஸ்மன் 1704இல் வெளியிட்ட நூலில் ஒரு செய்தி உண்டு. ஆங்கிலேயர் முதன்முதல் அங்கே இறங்கியபோது, மாலுமிகள் தம் பண்டகசாலையில் ஒரு பாம்பைக் கண்டு கொன்று வாயிலில் எறிந்தனராம். ஊரவர் திரண்டு அவர்களைக் கொன்று, பொருள்களையும் எரித்துவிட்டனராம். பின்னர் 1727இல் தாகோமி அரசன் அகாஜா வீடாவை வென்றபோது, அவனுடைய வீரர்கள் அப்பாம்புகளைக் கொன்று தின்றனர் என ஸ்னெல்கிரேவ் என்னும் கப்பற்றலைவர் எழுதினார். ஆயினும் நம்பிக்கை அழியவில்லை. வீடாவின் பாம்புக் கோயில் இன்றும் கத்தோலிக்கத் தேவாலயத்துக்கு எதிரே நிற்கின்றது.

விந்தை யாதெனில், அந்த வீடாப் பாம்பே இன்று உலகின் பல நாடுகளில் வீட்டுக் கூடுகளில் அதிகமாக வளர்க்கப்படும் பாம்புகளுள் ஒன்று. பெனின், டோகோ, கானா ஆகிய நாடுகளிலிருந்து பெருந்தொகையாகக் கப்பலேறிற்று. இவ்வினத்தின் சர்வதேச வியாபாரம், 1973இல் வாஷிங்டனில் உருவான உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் வைக்கப்பட்டுள்ளது. முன்னாளில் மனிதரின் வீட்டைப் பாம்பு தேடி வந்தது. இந்நாளில் பாம்பின் வீட்டை மனிதர் தேடிச் செல்கின்றனர்.

அமெரிக்காவிலும் இவ்வழக்கம் புதிதன்று. 1901இல் ஜனாதிபதியான தியடோர் ரூஸ்வெல்ட்டின் மகள் அலிஸ், வெள்ளை மாளிகையிலே ஒரு சிறு பச்சைப் பாம்பை வளர்த்து, அதற்கு எமிலி ஸ்பினாச் என்று பெயரும் இட்டிருந்தார். ஸ்பினாச் என்பது ஒரு கீரை. அந்நாட்டிலே சோளப்பாம்பு என்றோர் இனமும் உண்டு. சோளக் களஞ்சியங்களில் எலி தேடி வந்ததால் இப்பெயர் என்பர் சிலர்; அடிவயிற்றுப் புள்ளிகள் பன்னிறச் சோளமணிகளை ஒத்தமையால் என்பர் வேறு சிலர். மூன்று முதல் ஐந்து அடி வளரும், நஞ்சில்லை, சாந்தமானது, இறந்த எலியைக் கொடுத்தாலும் உண்ணும். புதிதாகப் பாம்பு வளர்ப்போருக்கு ஏற்றது என்று அறிந்தோர் முதலிற் சொல்வது இதனையே.

இவற்றையெல்லாம் ஒருங்கு நோக்கினால், மனிதன் வீட்டிற்குள் அனுமதித்த பாம்புக்கு நான்கு இலக்கணங்கள் புலப்படுகின்றன. நஞ்சின்மை, கைக்கடங்கிய உருவம், அமைதியான குணம், எளிதிற் கிடைக்கும் உணவு. உரோமர் வளர்த்த பாம்பு ஆறடியும் செல்லும். எனினும் ஏனைய மூன்றும் அதற்கும் பொருந்தின. ஐந்தாவதாக ஒன்றைச் சரித்திரம் சொல்லவில்லை. நம் காலமே சொல்கின்றது. அது ஆயுள். அமெரிக்காவின் சென்ற் லூயிஸ் விலங்கியற் பூங்காவிலே, 1961இல் ஒருவர் தம் வீட்டிலிருந்து கொண்டுவந்து ஒப்படைத்த பந்துப் பாம்பு, 2020இல் அறுபது வயது கடந்த நிலையிலே முட்டையிட்டது. வளர்த்தவர் ஒப்படைத்துவிட்டார், பாம்போ மேலும் ஏறத்தாழ அறுபதாண்டு வாழ்ந்திருக்கின்றது.

இப்போது என் கதைக்கு வருகின்றேன். நான் முதன்முதல் அதிபராகக் கடமையேற்ற கிராமப் பாடசாலையின் களஞ்சிய அறையிலே ஒரு சாரைப்பாம்பு இருந்தது. முதிய காவலாளர் என்னிடம் வந்து, "அது கிடக்கட்டும் ஐயா. எலி பிடிக்கிற சீவன்" என்றார். புதிய அதிபரின் மிடுக்கிலே நான் அதைக் கேட்கவில்லை. அடித்துக் கொல்லச் சொன்னேன். முற்றத்திலே கிடந்த அதைச் சுற்றி மாணவர் நின்றனர். ஒரு சிறுவன் என்னைப் பார்த்து, "சேர், இது ஆரைக் கடிச்சது?" என்று கேட்டான். என்னிடம் விடை இருக்கவில்லை. அடுத்த தவணைக்கென அடுக்கிவைத்த பாடநூற் கட்டுகளை எலிகள் அரித்துத் தீர்த்தபோதுதான் அந்தக் காவலாளரின் சொல் எனக்கு விளங்கிற்று. அவர் அதைப்பற்றிப் பின்னர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்த மௌனம் இன்றும் என்னை உறுத்துகின்றது.

ஆகவே என் மாணவருக்கு இவ்வாறு பதில் எழுதினேன். உங்கள் நகரத்துச் சட்டத்தை முதலிற் பாருங்கள். சோளப்பாம்பைத் தெரிந்தெடுங்கள். காட்டிலே பிடித்ததை வேண்டாது, கூட்டிலே பிறந்ததையே வாங்குங்கள். கூட்டின் மூடி இறுக்கமாக இருக்கட்டும்; அதனுள் வெப்பமான மூலையொன்றும் குளிர்ந்த மூலையொன்றும், ஒளிந்துகொள்ள ஓர் இடமும், நீரும் இருக்கட்டும். தொட்டபின் மகன் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவட்டும். அது பதினைந்து, இருபது ஆண்டுகள் வாழக்கூடியது. அது மூப்படையும்போது உங்கள் மகனுக்கு முப்பது வயதாகும். இதை அவனுக்கு விளங்கச் சொல்லிவிட்டு, இன்னும் வேண்டுமா என்று கேளுங்கள்.

நம் நாட்டு நேயர்களுக்குச் சொல்ல வேண்டியது வேறு. பாம்புகளைக் காட்டிலிருந்து பிடித்துவந்து கூட்டில் அடைப்பது நமக்கு ஏற்றதன்று. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் பிற்காலத் திருத்தங்களும் பல இனங்களுக்குக் காவலாக நிற்கின்றன. நாகம், புடையன், சுருட்டை முதலியவற்றைக் கண்டால் எட்ட விலகி, அறிந்தவரை அழைப்பதே அறிவுடைமை. ஆனால் கோடியிலே ஒரு சாரை ஊர்ந்து போகும்போது தடியை எடுக்கும் முன்னர், அந்தச் சிறுவன் என்னிடம் கேட்ட கேள்வியை ஒருகணம் நினையுங்கள்.