வரப்போரக் காடு

நம்ம கூட்டமைப்பு மலருக்கு மரங்களோட கதையை எழுதச் சொன்னாங்க. காவேரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவுல இருக்கிற நம்ம பக்கத்துல காடு ஏதுன்னு கேட்பீங்க. நம்ம காடு வரப்புலதான் இருந்தது.

1836-ல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணை கட்டினார். கொள்ளிடத்தில் வீணாக ஓடின தண்ணீர் காவேரிக்குத் திரும்பியது. வயலெல்லாம் நெல்லும் வாழையும்; மரத்துக்கு மிஞ்சியது வரப்புதான். என் மாமியார் காலத்தில் அங்கே வேம்பு, ஆவாரை, எருக்கு, ஆடுதின்னாப்பாளை எல்லாம் நின்றன.

1981-ல் சுவீடன் உதவியோடு சமூகக் காடுகள் திட்டம் வந்தது. 1997-ல் ஜப்பான் கடனுதவியில் காடு வளர்ப்புத் திட்டம் தொடங்கி, மலையடிவார ஊர்களில் வனக்குழுக்கள் அமைந்தன. அந்த வருஷங்களில்தான் மகளிர் திட்டமும் நம்ம குழுக்களும் வளர்ந்தன. பிறகு சொந்த நிலத்தில் மரம் வளர்க்கவும் வனத்துறை கன்று கொடுத்தது. 2015-ல் மேலூரில் சுமார் 25 ஏக்கரில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா திறந்தாங்க.

இதெல்லாம் நடக்கும்போது நான் என்ன செய்தேன்? இன்னும் ஒரு வரிசை வாழை வைக்கலாம்னு வரப்பை வழிச்சு எடுத்தேன். வேம்பையும் வித்தாச்சு. அடுத்த மழையில் வேர்ப்பிடிப்பு இல்லாத கரை சரிந்து வாழை சாய்ந்தது. மரம் வித்த பணம் பத்தலை. குழுவில் கடன் வாங்கித்தான் கரை கட்டினேன்.

பேத்தியை மேலூர் பூங்காவுக்குக் கூட்டிப் போனேன். எருக்கில் புழுவைப் பார்த்துட்டு, "அப்பாயி, இந்தச் செடியைத்தானே நீ வெட்டிப் போட்ட?"ன்னு கேட்டாள். பதில் சொல்ல முடியலை.

வண்ணத்துப்பூச்சி கண்ட செடியிலும் முட்டை வைக்காது. ஒண்ணுக்கு எருக்கு, ஒண்ணுக்கு ஆவாரை, இன்னொண்ணுக்கு எலுமிச்சையும் கறிவேப்பிலையும். அந்தச் செடி போனால் அந்தப் பூச்சியும் போயிடும். பூங்காவுக்கு வேலி உண்டு, பூச்சிக்கு வேலி கிடையாது. பறந்து வர்றது நம்ம வயலுக்குத்தான்.

இப்போ ஒரு பக்க வரப்பை அப்படியே விட்டிருக்கேன். எலுமிச்சைக் கன்றில் புழு வந்தால் மருந்து அடிக்காம, கையால எடுத்துப் பெரிய கறிவேப்பிலை மரத்தில் விடுறேன். வேப்பங்கன்றும் வைத்தாச்சு.

நிலம் உள்ள சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். வளர்ந்த மரத்தை வெட்டுறதுக்கு முன்னாடி குழுக் கூட்டத்தில் ஒரு வார்த்தை சொல்லுங்க. அவசரத்துக்குப் பணம்னா கடன் தர நாம இருக்கோம். அந்த நிழல் திரும்பி வரப் பத்து வருஷம் ஆகும்.