ஒன்றரை ஷிப்ட்: ஒரு சொல்லுக்குள் காணாமல் போன சட்டம்

திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகும் யாரிடமும் "எத்தனை ஷிப்ட் ஓடுது?" என்று கேட்டால் வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "ஒன்றரை." காலை எட்டரைக்கு உள்ளே போனால் வெளியே வர இரவு எட்டரை, ஒன்பது ஆகும். எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட், அதற்கு மேல் நாலு மணி நேரம் அரை ஷிப்ட். சனிக்கிழமை சம்பளம் போடும்போது நாளுக்கு ஒன்றரை ஷிப்ட் கூலி கிடைக்கும். கேட்பதற்கு நியாயமான கணக்கு போலத்தான் இருக்கிறது. எட்டு மணிக்கு ஒரு பங்கு, நாலு மணிக்கு அரைப் பங்கு. இதில் என்ன தவறு?

தவறு சட்டப் புத்தகத்தைத் திறந்தால் தெரியும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், பிரிவு 59: ஒரு தொழிலாளி நாளொன்றுக்கு 9 மணி நேரத்துக்கு மேலோ, வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேலோ வேலை செய்தால் அந்தக் கூடுதல் நேரத்துக்கு இரண்டு மடங்கு கூலி தர வேண்டும் என்றது. ஒரு மடங்கு தந்தால் போதாது.

கம்பெனி சொல்லும் கணக்கையே எடுத்துக்கொள்வோம். நாளுக்கு 12 மணி, வாரத்துக்கு ஆறு நாள், மொத்தம் 72 மணி நேரம். 48 போக 24 மணி நேரம் மிகைநேரம். அதற்கு இரட்டைக் கூலி என்றால் 48 மணி நேரக் கூலி. ஆக மொத்தம் 96 மணி நேரத்துக்கு, அதாவது 12 ஷிப்ட்டுக்குச் சம்பளம் வர வேண்டும். கைக்கு வருவது 9 ஷிப்ட். வாரத்துக்கு மூன்று ஷிப்ட் காணோம். ஷிப்ட்டுக்கு 500 ரூபாய் என்று வைத்தால் வாரம் 1,500 ரூபாய்.

இன்னொன்றும் இருக்கிறது. அதே சட்டத்தின் பிரிவு 64 ஒரு காலாண்டுக்கு 50 மணி நேரத்துக்கு மேல் மிகைநேர வேலை கூடாது என்றது. வாரம் 24 மணி என்றால் மூன்றாவது வாரமே அந்த வரம்பு தாண்டிவிடுகிறது. "ஒன்றரை ஷிப்ட்" என்ற சொல் இதையெல்லாம் மறைக்கிறது. "ஓவர்டைம்" என்று சொன்னால் இரட்டைக் கூலி நினைவுக்கு வரும். "அரை ஷிப்ட்" என்றால் அது வழக்கமான வேலையின் ஒரு துண்டு போல ஆகிவிடுகிறது.

எட்டு மணி நேரம் எப்படி வந்தது?

சமூக ஊடகங்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: 14 மணி நேர வேலையை அம்பேத்கர் ஒரே நாளில் 8 மணி நேரமாக்கினார் என்று. மிகைப்படுத்திச் சொன்னால் எதிரிக்கு மறுப்பது எளிதாகிவிடும். உண்மையான வரலாறே போதுமான அளவு பெரியது.

1911 சட்டம் ஜவுளி ஆலைகளில் ஆண் தொழிலாளிக்கு நாளுக்கு 12 மணி நேரம் என்று வரம்பு போட்டது. 1919இல் வாஷிங்டனில் கூடிய சர்வதேச தொழிலாளர் மாநாடு நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று உலகுக்கு அளவு வைத்தது. ஆனால் பிரிட்டிஷ் இந்தியாவுக்கு மட்டும் தனி விதி: வாரம் 60 மணி. அதை ஒட்டி 1922இல் 60 மணி வாரம் சட்டமானது. 1934இல் ஆண்டு முழுவதும் ஓடும் ஆலைகளுக்கு 54 மணி ஆனது.

அந்த 54ஐ 48ஆகக் குறைத்தது 1946ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம். அதை மத்திய சட்டசபைக்குக் கொண்டுவந்தவர் 1942 முதல் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை வைத்திருந்த அம்பேத்கர். உலகம் 1919இல் பெற்றதை இந்தியத் தொழிலாளி பெற 27 ஆண்டுகள் ஆயின. அதே 1946 ஏப்ரலில் குறைந்தபட்சக் கூலி மசோதாவையும் அவர்தான் அறிமுகம் செய்தார். அது 1948இல் சட்டமானபோது தொழிலாளர் அமைச்சர் ஜெகஜீவன் ராம். தொழிற்சாலைகள் சட்டமும் அவர் காலத்தில்தான் நிறைவேறியது. இந்த நாட்டின் கூலிச் சட்டங்களுக்கும் வேலைநேரச் சட்டங்களுக்கும் அடித்தளம் போட்ட இரண்டு அமைச்சர்களும் தலித்துகள். பாடப் புத்தகங்கள் இதைச் சேர்த்துச் சொல்வதில்லை.

இது தற்செயலா? பம்பாய் ஆலைகளில் நெசவுப் பிரிவில் தீண்டப்படாதவர்களைச் சேர்க்க மாட்டார்கள். நாடாவில் நூலை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும், எச்சில் பட்டால் தீட்டு என்பது காரணம். நெசவில்தான் கூலி அதிகம். சாதி எப்படிக் கூலியாக மாறுகிறது என்பதை அம்பேத்கர் ஆலை வாசலிலேயே பார்த்தவர். 1936இல் அவர் தொடங்கிய கட்சிக்குச் சுதந்திரத் தொழிலாளர் கட்சி என்று பெயர் வைத்ததும், 1938 நவம்பரில் தொழில் தகராறு மசோதாவுக்கு எதிராக பம்பாய் வேலைநிறுத்தத்தில் கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து நின்றதும் அதனால்தான்.

கடிகாரம் இல்லாத வேலை

நம் மக்களுக்கு வேலைநேரம் என்பது வெறும் தொழிற்சங்கக் கோரிக்கையாக இருந்ததில்லை. கொங்கு நாட்டுப் பண்ணையங்களில் அருந்ததியர் பண்ணையாளுக்கு வேலை எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்று கணக்கே கிடையாது. முன்பணம் வாங்கியவனுடைய நேரம் பண்ணையக்காரருடையது. கூலியே இல்லாத வேலைக்கு "வெட்டி" என்று பெயர். சோழர் கல்வெட்டுகளில் இருக்கும் சொல் அது. ஊருக்காகக் கட்டாயமாகச் செய்யும் உழைப்பு. அந்தச் சுமை யார் தலையில் நிலைத்தது என்பதை வெட்டியான் என்ற சொல்லே சொல்லும்.

அரசியல் சட்டத்தின் 23ஆவது பிரிவு இந்த வெட்டியையும் கட்டாய உழைப்பையும் தடை செய்கிறது. 1982இல் டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் நீதிபதி பகவதி அதற்குத் தந்த விளக்கம் முக்கியமானது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருவர் வேலை செய்தால், அவரைச் சங்கிலியால் கட்டாவிட்டாலும், பசி கட்டியிருக்கிறது. அது கட்டாய உழைப்புதான் என்றது உச்ச நீதிமன்றம். "அவராக ஒத்துக்கொண்டுதானே வந்தார்" என்ற பதில் அன்றே செல்லாமல் போனது.

கீழ்வெண்மணியை நினைத்துப் பாருங்கள். 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரிக்கப்பட்டதற்குப் பின்னால் இருந்தது சங்கம் வைத்ததும், கூலியில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதும். கூலி எவ்வளவு என்பதைவிட, அதைக் கேட்க இவர்கள் யார் என்பதே பண்ணையார்களின் கோபம்.

திருப்பூர் யாருடைய உழைப்பு?

திருப்பூர் முதலாளிகளில் கணிசமானோர் கவுண்டர் விவசாயக் குடும்பங்களிலிருந்து தொழிலாளியாக வந்து முதலாளியானவர்கள். ஆய்வாளர் ஷரத் சாரி இதை விரிவாக எழுதியிருக்கிறார். "நானும் உங்களை மாதிரி ராப்பகலா உழைச்சுத்தான் வந்தேன்" என்பது அங்கே ஒரு தத்துவம். உழைத்தது பொய்யில்லை. ஆனால் உழைப்பு முதலாகும் இடத்தில் நிலமும், சொந்தபந்தமும், நம்பிக் கடன் கொடுக்கும் சாதிக்காரரும் வேண்டும். அதே மிஷினில் அதே ராத்திரி உழைத்த அருந்ததியருக்கு அந்தப் படி இல்லை. அவருக்கு உழைப்பு கூலியாக மட்டுமே திரும்பி வரும். அந்தக் கூலியிலும் மூன்று ஷிப்ட் குறைந்தால்?

திருப்பூர் போராடாத ஊர் இல்லை. 1984இல் பஞ்சப்படிக்காக 127 நாட்கள் வேலைநிறுத்தம் நடந்தது. அதன் பிறகு ஏற்றுமதி பெருகப் பெருக, ஒரே கூரைக்குக் கீழ் இருந்த வேலை சிதறியது. நிட்டிங் ஒரு இடம், சாயம் ஒரு இடம், தையல் பவர் டேபிளில், மேலே ஒரு காண்ட்ராக்டர். டெய்லருக்குப் பீஸ் ரேட், கைமடிக்கும் செக்கிங்குக்கும் ஷிப்ட் கூலி. சங்கங்களும் முதலாளிகள் அமைப்புகளும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒப்பந்தம் போடுகின்றன. அதில் பேசப்படுவது ஷிப்ட்டுக்கு எவ்வளவு என்பது. ஷிப்ட் எட்டு மணியோடு முடிகிறதா என்பது பின்னால் போய்விட்டது.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். கிரேஸ் கார்ஸ்வெல், ஹீர்ட் டி நெவே ஆகிய இருவரும் திருப்பூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் செய்த ஆய்வு ஒரு வித்தியாசத்தைக் காட்டியது. விசைத்தறியில் முன்பணம் வாங்கிக் கட்டுண்ட தலித் குடும்பங்களுக்கு ஊரில் பழைய அடிமைத்தனம் தொடர்ந்தது. பஸ் ஏறிப் பனியன் கம்பெனிக்குப் போன தலித் இளைஞர்கள் ஊர்க் கவுண்டரை நம்பியிருக்கும் நிலையிலிருந்து பெருமளவு விலக முடிந்தது. ஆகவே பனியன் கம்பெனிக் கூலி நமக்குச் சாதாரண விஷயமில்லை. டீக்கடையில் தனி டம்ளரை மறுக்கும் துணிச்சலுக்கு அது ஒரு முதுகெலும்பு. அதில் விழும் ஒவ்வொரு ஓட்டையும் ஊருக்குள் நிற்கும் நிலையைப் பாதிக்கும்.

80 ரூபாய், 120 ரூபாய்

2020 ஏப்ரல் 17 அன்று, கொரோனா ஊரடங்கில், குஜராத் அரசு ஓர் அறிவிக்கை போட்டது. தொழிற்சாலைகளில் நாளுக்கு 12 மணி, வாரத்துக்கு 72 மணி வேலை வாங்கலாம். இரட்டைக் கூலி வேண்டாம். அதிலேயே உதாரணமும் கொடுத்திருந்தது: 8 மணிக்கு 80 ரூபாய் என்றால் 12 மணிக்கு 120 ரூபாய்.

இது நம் ஒன்றரை ஷிப்ட் அல்லாமல் வேறென்ன? திருப்பூரில் பேச்சு வழக்காக இருந்ததை குஜராத் எழுத்தில் போட்டது. எழுத்தில் போட்டதால் வழக்குப் போட முடிந்தது. குஜராத் மஸ்தூர் சபா உச்ச நீதிமன்றம் போனது. 2020 அக்டோபர் 1 அன்று நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு அந்த அறிவிக்கையை ரத்து செய்தது; அதன்படி வேலை செய்தவர்களுக்குச் சட்டப்படியான மிகைநேரக் கூலியைக் கொடுக்கவும் உத்தரவிட்டது. பெருந்தொற்றின் பெயரால்கூட 12 மணிக்கு 120 ரூபாய் தரக் கூடாது என்றால், சாதாரண நாளில் எப்படித் தரலாம்?

தமிழ்நாட்டிலும் முயற்சி நடந்தது. 2023 ஏப்ரல் 21 அன்று 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் எதிர்த்தன. மூன்றே நாளில் நிறுத்திவைத்து, மே நாளில் திரும்பப் பெற்றதாக முதல்வர் அறிவித்தார். சட்டமன்றத்தில் வந்த 12 மணி நேரத்தைத் தடுத்தோம். கம்பெனிக்குள் ஏற்கெனவே இருக்கும் 12 மணி நேரத்தைப் பற்றி அந்தப் பத்து நாளில் எத்தனை பேர் பேசினோம்?

"தொழிலாளியே கேட்கிறான்"

முதலாளிகள் சொல்லும் முதல் பதில் இதுதான்: ஒன்றரை ஷிப்ட் இல்லாத கம்பெனிக்கு ஆள் வருவதில்லை. உண்மைதான். ஒரு ஷிப்ட் கூலியில் லைன் வீட்டு வாடகையும், பிள்ளை படிப்பும், குழுக் கடனும் அடையாது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவருக்கு ஊருக்கு அனுப்பப் பணம் வேண்டும். கிராமத்திலிருந்து வருபவருக்கோ கம்பெனி வேன் கிளம்புவதே எட்டரைக்குத்தான். இது விருப்பமா, வேறு வழியின்மையா? அவர் கேட்பது கூடுதல் பணம். அதைச் சட்டப்படி கொடுத்தால், இன்று 12 மணிக்கு வாங்கும் ஒன்றரை ஷிப்ட் கூலி 10 மணி நேரத்திலேயே கிடைத்துவிடும். எட்டு மணிக்கு ஒரு பங்கு, இரண்டு மணி மிகைநேரத்துக்கு அரைப் பங்கு. ஆறரை, ஏழு மணிக்கு வீட்டுக்குக் கிளம்பலாம்.

இரண்டாவது பதில்: "பீஸ் ரேட்டுக்கு ஓவர்டைம் கிடையாது." தவறு. பீஸ் ரேட்டில் வேலை செய்பவரின் சராசரி வருமானத்தை வைத்து மிகைநேரக் கூலியைக் கணக்கிட வேண்டும் என்று பிரிவு 59 தெளிவாகச் சொன்னது.

நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்ததாக ஒன்றிய அரசு அறிவித்திருக்கிறது. மின்சாரத்தில் ஓடும் பட்டறை தொழிற்சாலை ஆவதற்கான ஆள் கணக்கை 10இலிருந்து 20ஆக உயர்த்தியது போன்ற பாதகங்கள் அதில் உண்டு, எதிர்க்க வேண்டியவை. ஆனால் கூலிச் சட்டத் தொகுப்பில் மிகைநேரத்துக்கு இரண்டு மடங்கு என்பது அப்படியே இருக்கிறது. பாக்கிக் கூலி கேட்க முன்பு ஆறு மாதம், ஒரு வருடம் என்று இருந்த கெடு இப்போது மூன்று ஆண்டு. கூலியைக் கொடுத்துவிட்டேன் என்று நிரூபிக்கும் பொறுப்பும் முதலாளி மேல்.

அதனால் மாணவத் தோழர்களுக்கும் சேரி இளைஞர்களுக்கும் சொல்வது: உங்கள் தெருவில் பனியன் கம்பெனிக்குப் போகும் அக்காவோ அண்ணனோ இருப்பார்கள். அவர்களோடு உட்கார்ந்து, உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், சனிக்கிழமை வாங்கிய தொகை மூன்றையும் ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள். ஆடிட்டுக்குக் காட்ட கம்பெனியிடம் ஒரு ரெஜிஸ்டர் இருக்கும். தொழிலாளியிடமும் ஒன்று இருக்க வேண்டும். ஒரு மாதக் கணக்கு சேர்ந்ததும் சங்கத்திடம் கொண்டுபோங்கள், தனியாளாகப் போக வேண்டாம். அடுத்த ஒப்பந்தப் பேச்சில் ஷிப்ட் கூலி எத்தனை சதவீதம் உயரும் என்ற கேள்வியோடு, அந்த நாலு மணி நேரத்துக்கு இரட்டைக் கூலி எங்கே என்ற கேள்வியும் மேஜைக்கு வரட்டும்.