இந்துக் கல்லூரியில் கருத்துரிமை: 1831, 1843 ஆகிய ஆண்டுகளின் இரு நிகழ்வுகள்

முன்னுரை

கல்விக்கூடத்தில் மாறுபட்ட கருத்துகளுக்கு இடம் வேண்டும் என்பதைப் பொதுநிலையில் மறுப்பார் இலர். ஆயின், குறிப்பிட்ட ஒரு கருத்து அவையேறும்போது அதனை அனுமதிப்பதா, தடுப்பதா, அதனை முடிவு செய்யும் உரிமை யாருக்கு உண்டு என்னும் வினாக்கள் எழுகின்றன. இந்தியாவில் 1857-இல் பல்கலைக்கழகங்கள் நிறுவப்படுவதற்கு முன்னரே, கல்கத்தா இந்துக் கல்லூரி இவ்வினாக்களை எதிர்கொண்டது. நகரத்து இந்துப் பெருமக்களின் நன்கொடையைக் கொண்டு 1817-இல் தொடங்கப்பெற்ற அக்கல்லூரி, 1855-இல் பிரெசிடென்சி கல்லூரியாகவும் 2010-இல் பல்கலைக்கழகமாகவும் உருப்பெற்றது. அங்கு 1831-இலும் 1843-இலும் விதிக்கப்பட்ட இரு தடைகளுக்குக் கூறப்பட்ட காரணங்களையும், அவற்றை எதிர்த்தோர் முன்வைத்த வாதங்களையும் ஒப்பிட்டு நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

டெரோசியோவும் விவாதக் கழகமும்

ஹென்றி லூயி விவியன் டெரோசியோ (1809-1831) போர்த்துக்கீசிய வழிவந்த யுரேசியக் குடும்பத்தில் கல்கத்தாவில் பிறந்தவர், ஆங்கிலக் கவிஞர். இருபது வயது நிரம்பும் முன்னரே இந்துக் கல்லூரியில் ஆசிரியராக அமர்ந்து இலக்கியமும் வரலாறும் கற்பித்தார். 1828-ஆம் ஆண்டளவில் அவரும் மாணவர்களும் இணைந்து ‘அகாடமிக் அசோசியேஷன்’ என்னும் விவாதக் கழகத்தை உருவாக்கினர். மாணிக்தலாவில் உள்ள தோட்ட இல்லம் ஒன்றில் அதன் கூட்டங்கள் நடைபெற்றன. விதியும் மனித முயற்சியும், கடவுளின் இருப்பு, உருவ வழிபாடு, நாட்டுப்பற்று முதலிய பொருள்கள் அங்கு விவாதிக்கப்பட்டன. கல்வியாளர் டேவிட் ஹேர் போன்றோரும் அவ்விவாதங்களைக் கேட்க வந்தனர். மாணவர்கள் 1830-இல் ‘பார்த்தினன்’ என்னும் இதழைத் தொடங்கினர். கல்லூரி நிருவாகத்தின் தடையால் அது முதல் இதழோடு நின்றது.

மாணவர் சிலர் ஆசாரங்களை வெளிப்படையாக மீறியமையால் நகரத்தில் கலக்கம் மிகுந்தது. பெற்றோர் பலர் தம் பிள்ளைகளைக் கல்லூரியிலிருந்து நிறுத்தினர். மாணவர் நீங்கினால் கல்லூரியே நிலைக்காது என்னும் நிருவாகிகளின் அச்சத்தைப் பொருளற்றது என ஒதுக்குதற்கில்லை.

இரு வினாக்கள்

1831 ஏப்ரல் 23-ஆம் நாள் நிருவாகக் குழு கூடியது. அன்று முதலில் எழுப்பப்பட்ட வினா, டெரோசியோ இளைஞரின் கல்வியை ஒப்படைக்கத் தகாதவரா என்பதாகும். ராதாகாந்த தேவ், ராம்கமல் சென், ராதாமாதவ் பானர்ஜி ஆகிய மூவரே அவரைத் தகாதவர் என்றனர். அம்மூவருள்ளும் ராதாமாதவ் பானர்ஜி தாம் கேள்வியுற்றதையே ஆதாரமாகக் காட்டினார். சந்திர குமார் தாகூரும் ரசமய தத்தும் செவிவழிச் செய்தியன்றி வேறொன்றும் அறியோம் என்றனர். சான்று இன்மையால் அவர்மீது குற்றம் இல்லை என்றார் பிரசன்ன குமார் தாகூர். வடமொழி அறிஞர் ஹோரேஸ் ஹேமன் வில்சன், டேவிட் ஹேர், ஸ்ரீகிருஷ்ண சிங் ஆகியோர் அவருக்கு ஆதரவாகவே பேசினர்.

இவ்வளவில் வழக்கு முடிந்திருத்தல் வேண்டும். ஆனால், கல்கத்தா இந்துச் சமுதாயத்தின் அப்போதைய மனநிலையில் அவரை நீக்குவது உகந்ததா என்னும் இரண்டாம் வினா எழுப்பப்பட்டது. முதல் வினாவில் குற்றம் காணாத சந்திர குமார் தாகூர், ரசமய தத், பிரசன்ன குமார் தாகூர் ஆகியோரும் இதற்கு இசைந்தனர். ஸ்ரீகிருஷ்ண சிங் ஒருவரே மறுத்தார். இந்துச் சமுதாயத்தின் உணர்வு பற்றிய பொருளாதலின் வில்சனும் ஹேரும் வாக்களிக்கவில்லை. ‘அவர் செய்தது என்ன?’ என்னும் வினாவின் இடத்தில் ‘ஊரார் எவ்வாறு உணர்கின்றனர்?’ என்னும் வினா வைக்கப்பட்டதும், மெய்ப்பிக்கப்படாத குற்றத்திற்கு முழுத் தண்டனை கிடைத்தது.

டெரோசியோவின் மறுமொழி

வில்சனின் அறிவுரைப்படி டெரோசியோ ஏப்ரல் 25-ஆம் நாள் பணி விலகல் மடல் எழுதினார். தம்மீது குற்றச்சாட்டு எதுவும் தெரிவிக்கப்படவில்லை, சாட்சி எவரும் விசாரிக்கப்படவில்லை, தம் பக்கத்தை எடுத்துரைக்க வாய்ப்பும் வழங்கப்படவில்லை என்பன அம்மடலின் சாரம். தம் கருத்துகள் சரியானவை என்று நிறுவ அவர் அம்மடலில் முயலவில்லை. நீக்கிய முறையின் நேர்மையின்மையையே சுட்டினார்.

மறுநாள் வில்சனுக்கு எழுதிய மடலில், தம்மீது சுமத்தப்பட்ட பழிகளுக்கு விடையளித்தார். கடவுள் இல்லை என்று தாம் எவரிடமும் கூறியதில்லை என்றும், மெய்யியலாரின் ஐயங்களை மாணவர்க்கு எடுத்துரைத்தது உண்மை என்றும் ஒப்புக்கொண்டார். ஹியூமின் சமய உரையாடலில் உள்ள வாதங்களைக் கற்பித்ததோடு, அவற்றிற்கு ரீடும் டூகால்ட் ஸ்டீவர்ட்டும் அளித்த மறுப்புகளையும் தாம் கற்பித்ததாகக் கூறினார். ஒரு பக்கத்தை மட்டும் அறிந்த மாணவனை அறிஞனாகக் கருத இயலாது என்பதே அவரது நிலைப்பாடு. பரபக்கம், சுபக்கம் என இரு பகுதிகளாக அமைந்த சிவஞான சித்தியாரைப் பயின்றோர்க்கு இம்முறை அயலானதாகத் தோன்றாது. அவ்வாண்டு டிசம்பர் 26-இல் டெரோசியோ வாந்திபேதியால் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 22.

1843-ஆம் ஆண்டு நிகழ்வு

டெரோசியோ வழிவந்தோர் 1838-இல் பொது அறிவு பெறுவதற்கான சங்கம் ஒன்றை நிறுவினர். தாராசந்த் சக்கரவர்த்தி அதன் தலைவரானார். 1843 பிப்ரவரி 8-ஆம் நாள் கல்லூரிக் கூடத்தில் நடைபெற்ற அதன் கூட்டத்தில், கிழக்கிந்தியக் கம்பெனியின் குற்றவியல் நீதிமுறையும் காவல்துறையும் உள்ள நிலை குறித்துத் தட்சிணாரஞ்சன் முகர்ஜி கட்டுரை படித்தார். டெரோசியோவின் 1831 மடலில் பெயர் சுட்டப்பெற்ற மாணவர் இவரே.

பார்வையாளராக வந்திருந்த கல்லூரி முதல்வர் கேப்டன் டி. எல். ரிச்சர்ட்சன் இடைமறித்தார். அரசு எழுப்பிய கூடத்தில் நின்றுகொண்டு ஆள்வோரைப் பழிப்பது ராஜத்துரோகம் என்றும், கல்லூரி துரோகத்தின் உறைவிடமாகத் தாம் விடுவதற்கில்லை என்றும் கூறினார். ரிச்சர்ட்சன் இதழாசிரியராகவும் கவிஞராகவும் ஷேக்ஸ்பியரைக் கற்பிப்பதில் புகழ்பெற்றவராகவும் விளங்கியவர். கருத்தின் அருமை அறிந்தவரே கதவடைக்க முற்பட்டார் என்பது கருதத்தக்கது.

தலைமை வகித்த தாராசந்த், கட்டுரையின் கருத்துகளுக்காக வாதாடவில்லை. கூடத்தைப் பயன்படுத்தக் கல்லூரிக் குழுவிடம் முறைப்படி இசைவு பெறப்பட்டுள்ளது; அது முதல்வரின் தனிப்பட்ட சலுகை அன்று; பார்வையாளராக வந்தவருக்கு உறுப்பினரின் உரையை இடைமறிக்கும் உரிமை இல்லை என்றார். கூறியதைத் திரும்பப் பெறாவிடில் கல்லூரிக் குழுவிடமும், வேண்டின் அரசிடமும் முறையிடுவதாகவும் அறிவித்தார். அவ்வாண்டு ஏப்ரலில் வங்காள பிரிட்டிஷ் இந்தியச் சங்கம் தோன்றியது. தாராசந்தும் அவர்தம் நண்பர்களும் அதில் பங்கேற்றனர். ஆட்சியைக் குறித்த விவாதம் இவ்வாறு கல்லூரிக்கு வெளியே தனக்கென ஓர் அரங்கைக் கண்டது.

ஒப்பீடு

1831-இல் சமயத்தின் பெயரால் இந்து நிருவாகிகள் தடுத்தனர். 1843-இல் அரசின் பெயரால் ஆங்கில முதல்வர் தடுத்தார். ஆகவே, கருத்துரிமையை மேலைநாட்டார் அளித்த கொடை என்றோ, அதற்குப் பகை மரபுப் பற்றாளர் மட்டுமே என்றோ கூற இயலாது. டெரோசியோவை நீக்க மறுத்து வாக்களித்தவர் ஓர் இந்துவே என்பதும் நினையத்தக்கது. முதல் தடைக்குப் பொதுமக்களின் உணர்வும், இரண்டாம் தடைக்குக் கட்டடத்தின் உடைமையும் காரணமாகக் காட்டப்பட்டன. பேசப்பட்ட கருத்து உண்மையா, பொய்யா என்னும் ஆய்வுக்கு இரண்டிலும் இடமில்லை.

எதிர்த்தோரின் வாதங்களும் ஒத்த தன்மையுடையன. குற்றச்சாட்டைத் தெரிவித்து விடை கேட்க வேண்டும் என்றார் டெரோசியோ. இசைவு விதியின்பாற்பட்டது, அதிகாரியின் விருப்பத்தின்பாற்பட்டது அன்று என்றார் தாராசந்த். பேசுவோரின் கருத்தை ஏற்காதவரும் ஏற்கக்கூடிய வாதங்கள் இவை. இவற்றின் வலிமையும் அதுவே.

முடிவுரை

விதி இருப்பினும் அதனைக் காக்க முன்வருவோர் இல்லாதவிடத்துப் பயனில்லை என்பதையும் 1831-ஆம் ஆண்டு வாக்கெடுப்பு உணர்த்துகிறது. குற்றம் காணாத மூவர் முதல் வினாவிற்குத் தாம் அளித்த விடையில் உறுதியாக நின்றிருப்பின் டெரோசியோ நீக்கப்பட்டிருக்க மாட்டார். அவர்கள் அவருடைய பகைவர் அல்லர். கல்லூரியைக் காக்க விரும்பியவர்கள். கல்லூரி காக்கப்பட்டது. ஆயினும், அதன் வரலாற்றை எழுதுவோர் முதற்கண் குறிப்பிடும் பெயராக, அது நீக்கிய ஆசிரியரின் பெயரே இன்றளவும் நிலவுகிறது.