கம்பம் பள்ளத்தாக்கில் உழைப்பும் பாட்டும்

மேற்கே ஓடிய பெரியாற்று நீர், 1895இல் முல்லைப் பெரியாறு அணை பயன்பாட்டுக்கு வந்தபின் மலைச் சுரங்கம் வழியே கிழக்கே திருப்பப்பட்டதால், கம்பம் பள்ளத்தாக்கில் லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை ஏறத்தாழ 14,700 ஏக்கரில் இருபோகம், அதாவது ஆண்டுக்கு இருமுறை நெல் விளைவிக்கும் முறை, காலப்போக்கில் நிலைபெற்றது. அவ்வயல்களில் நாள் முழுவதும் குனிந்து நாற்று நடும் பெண்களின் மனச்சோர்வைத் தணித்தது நடவுப்பாட்டு. ஒருத்தி அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடும் அம்முறை, கைகளை ஒரே தாளத்தில் இயக்கிக் கவனம் சிதறாமல் நிறுத்தியது. தமிழகத்தில் கிணற்றுநீர் இறைப்போர் பாடிய ஏற்றப்பாட்டோ, இறைத்த சால்களை, அதாவது நீர் வாளிகளை, எண்ணும் கணக்காகவும் பயன்பட்டது. இன்று அலுவலகங்களில் தனிப் பயிற்சியாகக் கற்பிக்கப்படும் மன ஒருமையை உழவர் சமூகம் வேலைக்குள்ளேயே அமைத்திருந்தது. எனினும் பாட்டு களைப்பைக் குறைத்ததேயன்றி, கூலியை உயர்த்தவில்லை.