பெயிண்டுக்கு அடியில் அரிக்கும் துரு: ரப்பர் ரோலர், டில்லர், இரும்பு ஏணிகளைக் காப்பது எப்படி?

இரணியல், திங்கள்சந்தை பகுதி விவசாயிகளுக்கு இரும்புச் சாமான்களைத் துருப்பிடிக்காமல் வைத்திருப்பது எளிதல்ல. கடல் பக்கத்திலேயே இருக்கிறது. உப்புக்காற்று வீசுகிறது. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்கிறது. இரும்பு துருப்பிடிக்க ஈரமும் காற்றும் போதும். உப்பு சேர்ந்தால் வேகம் பல மடங்காகிவிடும். 1914-ல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலத்தில் அரிப்பு காரணமாக 2022 டிசம்பரில் ரயில்கள் நிறுத்தப்பட்டன என்பது நினைவிருக்கலாம்.

உங்கள் தோட்டத்தில் முதலில் பார்க்க வேண்டியது ரப்பர் ஷீட் அடிக்கும் ரோலரின் கால்களை. பாலை உறைய வைக்க ஃபார்மிக் ஆசிட் சேர்க்கிறோம். ஷீட் அடிக்கும்போது பிழிந்து வரும் தண்ணீரிலும் அந்த அமிலம் இருக்கும். அது ஸ்டாண்டின் மீது வழிந்து, போல்ட் இடுக்குகளில் தங்கி, பெயிண்டுக்கு அடியில் புகுந்துவிடும். வேலை முடிந்ததும் இரண்டு வாளி நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவித் துடைத்தால் பாதி பிரச்சினை தீரும். பழைய இன்ஜின் ஆயிலை ரோலரில் தடவ வேண்டாம், ஷீட் கெட்டுவிடும்.

அடுத்தது உரம். பொட்டாஷ் என்று நாம் வாங்குவது பொட்டாசியம் குளோரைடு. கறியுப்பில் உள்ள அதே குளோரைடுதான் இதிலும் இருக்கிறது. உர மூட்டைகளை டில்லர், ஸ்பிரேயர் நிற்கும் அறையில் அடுக்காதீர்கள்.

பெயிண்ட் கொப்பளித்திருந்தால் மேலே இன்னொரு கோட் அடிப்பதில் பயனில்லை. துரு உள்ளேயே வளரும். முதலில் நல்ல தண்ணீரில் கழுவி உப்பை நீக்கி, நன்றாகக் காய விடுங்கள். உப்பின் மேல் தேய்த்தால் அது இரும்புக்குள்தான் அழுந்தும். பிறகு தகட்டாலும் கம்பி பிரஷாலும் உதிர்வதை எல்லாம் சுரண்டி, 80-ஆம் நம்பர் உப்புத்தாள், அடுத்து 120 என்று தேய்க்கவும். நல்ல பெயிண்ட் தொடங்கும் விளிம்பு விரலுக்குத் தட்டுப்படாமல் சரிவாக இருக்க வேண்டும். குழிகளில் நிற்கும் துருவுக்கு பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருநீக்கி கடைகளில் கிடைக்கும், கையுறை அவசியம். வெட்டுக்கத்தி, மண்வெட்டி போன்றவற்றுக்குப் புளிக்கரைசலே போதும். ஊற வைத்துத் தேய்த்தபின் கழுவி, உடனே துடைத்துக் காயவைக்க வேண்டும்.

கடைசியாக தின்னர் தொட்டுத் துடைக்கவும். மண்ணெண்ணெய் வேண்டாம், அதன் பிசுக்கில் பெயிண்ட் பிடிக்காது. துடைத்த அன்றே ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்துவிடுங்கள். ஒரு ராத்திரி விட்டால் மறுபடி துரு பூக்கும். வெல்டிங் இடம், முனை, போல்ட் ஆகியவற்றுக்குத் தனியாக ஒரு கோட் கூடுதலாகத் தேவை. துரு எப்போதும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. அதன்மேல் எனாமல் இரண்டு கோட். இந்த வேலைக்கு மழை இல்லாத தை, மாசி மாதங்கள் ஏற்றவை. பனி ஈரம் காய்ந்த பிறகு ஆரம்பித்து, வெயில் தாழும் முன் முடித்துக்கொள்ளுங்கள்.

ஜிங்க் ஷீட் கூரைக்கு இந்த முறை பொருந்தாது. சாதாரண எனாமல் துத்தநாகத்துடன் வினைபுரிந்து சில காலத்தில் தோல்போல உரிந்துவிடும். துத்தநாகத் தகட்டுக்கான எட்ச் பிரைமர் என்று கேட்டு வாங்குங்கள்.

பழைய கேட், ஜன்னல் கம்பிகளின் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயிண்டில் ஈயத்தை 90 பிபிஎம் அளவுக்குள் கட்டுப்படுத்தும் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. எனவே இவற்றை உலர்வாகத் தேய்க்காமல், நீர்த்தாளால் நனைத்துத் தேய்க்கவும். பக்கத்தில் குழந்தைகள் வேண்டாம்.

நல்லமிளகு பறிக்கும் இரும்புக் குழாய் ஏணி உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும். படிகளையும் மூட்டுகளையும் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். சத்தம் மந்தமாக வந்தாலோ, ஸ்க்ரூ டிரைவர் நுனி உள்ளே இறங்கினாலோ பெயிண்டை எடுக்காதீர்கள். அந்தத் துண்டை வெட்டி மாற்றி வெல்டிங் வைக்கும்வரை யாரையும் அதில் ஏற விடக் கூடாது.