பல கோர் செயலிகளும் அன்றாடப் பல்பணியும்

பல கோர் செயலி என்பது, கட்டளைகளைத் தனித்தனியே நிறைவேற்றவல்ல இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கோர்களைக் கொண்ட கணினிச் செயலி. ஒரே சமயத்தில் பல நிரல்களை இயக்கும் பல்பணிக்கு இது துணைபுரிகிறது. ஆனால் கோர்கள் கூடக்கூட அன்றாட வேலையில் கிடைக்கும் பயன் குறைந்துகொண்டே போகும்.

தோற்றம்

ஐ.பி.எம். 2001இல் பவர்4 என்ற இரட்டைக் கோர் செயலியை வெளியிட்டது. வீட்டுக் கணினிச் செயலிகளில் கடிகார வேகத்தை மேலும் உயர்த்த வெப்பமும் மின்செலவும் தடையாயின. எனவே இன்டெலும் ஏஎம்டியும் 2005இல் பென்டியம் டி, அத்லான் 64 எக்ஸ்2 ஆகிய இரட்டைக் கோர் செயலிகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தன.

செயல்படும் முறை

ஒற்றைக் கோரிலும் பல்பணி நடக்கும். இயங்குதளம் ஒவ்வொரு நிரலுக்கும் சில மில்லிநொடிகள் ஒதுக்கி, மாறி மாறி இயக்கும். பல கோர்கள் இருந்தால் நிரல்கள் உண்மையிலேயே ஒரே நேரத்தில் இயங்கும். வைரஸ் தடுப்பு நிரல் ஒரு கோரை முழுதாகப் பிடித்துக்கொண்டாலும் தட்டச்சு தடைபடாது. அன்றாட வேலையில் இப்படிக் கோரை முழுதாகப் பிடிக்கும் நிரல்கள் சிலவே என்பதால், ஒன்றிலிருந்து இரண்டு கோருக்கு மாறும்போது தெரியும் முன்னேற்றம், எட்டிலிருந்து பதினாறுக்கு மாறும்போது தெரிவதில்லை.

வரம்புகள்

ஒரு நிரலில் வரிசையாக மட்டுமே செய்யக்கூடிய பகுதி அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும். ஜீன் ஆம்டால் 1967இல் முன்வைத்த இக்கருத்து ஆம்டால் விதி எனப்படுகிறது. இதன்படி, 90 சதவீதம் பகிர்ந்து செய்யக்கூடிய வேலை 4 கோர்களில் சுமார் 3.1 மடங்கும், 8 கோர்களில் சுமார் 4.7 மடங்கும் வேகம் பெறும். எத்தனை கோர்கள் சேர்த்தாலும் 10 மடங்கைத் தாண்டாது.

நினைவகப் பற்றாக்குறையைக் கோர்களால் ஈடுகட்ட முடியாது. ரேம் நிரம்பினால் இயங்குதளம் தரவைச் சேமிப்பகத்துக்கு நகர்த்தும். ரேமை அணுக ஏறத்தாழ 100 நானோநொடி ஆகும். சுழலும் வன்தட்டுக்கு ஏறத்தாழ 10 மில்லிநொடி, அதாவது லட்சம் மடங்கு நேரம் ஆகும். உலாவியில் பல தாவல்களைத் திறந்ததும் கணினி திணறுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

எண்ணிக்கையும் திறனும்

எல்லாக் கோர்களும் சமதிறன் கொண்டவை அல்ல. ஆப்பிளின் எம்1 (2020), இன்டெலின் 12ஆம் தலைமுறைச் செயலிகள் பல (2021) ஆகியவற்றில் வேகக் கோர்களும் மின்சிக்கனக் கோர்களும் கலந்துள்ளன. எனவே எண்ணிக்கையை மட்டும் வைத்து இரு செயலிகளை ஒப்பிட முடியாது.

தேர்வு

இணையம், ஆவணங்கள், காணொளி அழைப்பு ஆகியவற்றுக்கு அண்மைக்காலத்து 4 முதல் 6 கோர் செயலி, போதிய ரேம், எஸ்.எஸ்.டி. சேமிப்பகம் ஆகியவை போதும். காணொளித் தொகுப்பு, முப்பரிமாண வரைகலை, பெரிய மென்பொருள் உருவாக்கம் ஆகியவற்றுக்கே 8 அல்லது அதற்கு மேற்பட்ட கோர்கள் முழுப் பயன் தரும்.